காஞ்சி தந்த இசைச்செல்வி

காஞ்சி என்றதும் பலருக்கும் பட்டு நினைவுக்கு வரும். எனக்கோ பட்டம்மாள் நினைவுக்கு வருகிறார். பெற்றோர் இட்ட பெயர் அலமேலு. செல்லப் பெயர் பட்டா. அவர் பிறந்தது 1919-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். நம் உத்திரமேரூரின் முதல் குடவோலைக் கல்வெட்டு 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சரியாக ஆயிரம் ஆண்டு இடைவெளி! அக்கல்வெட்டு கூறும் சபையில் பெண்ணுக்கு இடமில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும், பட்டம்மாள் பிறந்த அந்தணர் குலத்துப் பெண்களுக்குக் கச்சேரி மேடை மூடியே கிடந்தது.

இதற்கு அவர் வீட்டையே சான்றாகக் காட்டலாம். தாயார் காந்திமதி அம்மாள் நன்றாகப் பாடக் கூடியவர். ஆயினும் உற்றார் உறவினர் முன்னிலையிற்கூட அவர் பாடக் கூடாது என்பது அக்குடும்பத்துக் கட்டுப்பாடு. தந்தையார் தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதரோ இசைப் பித்தர். மகளுக்குச் சுலோகங்களையும் பாடல்களையும் தாமே கற்பித்தார். கச்சேரி கேட்கவும் வழிசெய்தார்.

அந்நாளில் காஞ்சியில் தியாகராசர் விழாவை நடத்தி வந்தவர் நாயனாப் பிள்ளை. லயத்தில் அவர் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று ஒரு படையே பக்கத்தில் முழங்க, அதற்கு நடுவே கணக்குத் தவறாமல் பல்லவி பாடுவார். பல்லவி என்பது ஒரே ஓர் அடிதான். அந்த ஓரடியைத் தாளம் பிசகாமல் பல காலங்களில் மாற்றிப் பாட வேண்டும். பெரியவர்களே விரல்விட்டு எண்ணித் திணறும் இடம் அது. அவ்விடத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து கேட்டாள்! (நம் ஊர்த் திருவிழாக் கச்சேரியில் குழந்தைகளைக் கண்டாலே முகம் சுளிக்கும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக.)

வீடு திரும்பியதும் வேலை தொடங்கும். கேட்ட கீர்த்தனைகளையும் இராகத்தின் முக்கியமான பிடிகளையும் நினைவிலிருந்து எடுத்து எழுதிக்கொள்வார். தம்பியர் அரங்கநாதன், நாகராஜன், பின்னாளில் ஜெயராமன் ஆகியோர் இப்பணியில் துணைநின்றனர். குருகுலவாசம் அவருக்கு வாய்க்கவில்லை. கச்சேரிப் பந்தலே அவருக்குக் குருகுலமாயிற்று எனலாம்.

மகளைக் கேட்கவிட்ட தந்தையே, அவள் மேடையேறிப் பாடுவதற்கு அஞ்சினார். பாடும் பெண்ணை யார் மணப்பார்கள் என்ற கவலை அவருக்கு. அதை நான் குறை கூற மாட்டேன். ஊர் வாய்க்கு அஞ்சாத தந்தை எவர்? பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் போன்றோர் ஊக்கமூட்ட, அவர் மெல்ல மெல்ல இணங்கினார். 1929-இல், பத்து வயதில், சென்னை மாநகராட்சி வானொலியில் பட்டம்மாள் பாடினார். சில ஆண்டுகளில் சென்னை மேடையும் ஏறினார். கவலைப்பட்ட திருமணமும் குறைவின்றி நடந்தது.

நாயனாப் பிள்ளை 1934-இல் மறைந்தார். ஆனால் ஆண்களுக்கே உரியது என்றிருந்த இராகம் தானம் பல்லவியைப் பட்டம்மாள் துணிந்து மேடையில் பாடினார். பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் பெற்றார். 1970-இல் சங்கீத கலாநிதி ஆனார். 2009 சூலை 16-இல் இயற்கை எய்தினார். அக்காளுடன் சேர்ந்து மேடையில் பாடிய தம்பி ஜெயராமனும் 1990-இல் அதே சங்கீத கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார்.