‘தற்செயல் நடை’க்குப் பெயரிட்ட கணித மேதை கார்ல் பியர்சன்

நவீனப் புள்ளியியலின் முன்னோடிகளுள் ஒருவரான கார்ல் பியர்சன், 1857-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர், 1884-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியரானார்.

மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் முடிவுகளை 1890-களில் அவர் ஆராய்ந்தார். சிவப்பும் கறுப்பும் ஏறத்தாழச் சமமாக வந்திருந்தன. எனினும், ஒரே நிறம் அடுத்தடுத்து வந்த தொடர்களின் எண்ணிக்கை நிகழ்தகவுக் கணிப்புடன் பொருந்தவில்லை. மொத்தக் கணக்கில் காணப்படும் சமநிலை மட்டுமே தற்செயலுக்குச் சான்றாகாது என்பதை அது உணர்த்தியது. கணிப்புக்கும் தரவுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலானதா எனச் சோதிக்கும் கை-வர்க்க முறையை 1900-இல் வெளியிட்டார்.

ஒவ்வொரு தப்படிக்கும் ஏதேனும் ஒரு திசையில் திரும்பி நடப்பவர் இறுதியில் எவ்வளவு தொலைவில் இருப்பார் என்ற வினாவை 1905-இல் ‘நேச்சர்’ இதழில் எழுப்பினார். ‘தற்செயல் நடை’ என்ற பெயர் அவ்வாறே பிறந்தது. அதற்கு ரேலே பிரபு விடையளித்தார். 100 தப்படி நடந்தவரும் பொதுவாகச் சுமார் 10 தப்படி தொலைவே விலகியிருப்பார். கொசுக்களின் பரவலை ஆராயவும் இக்கணக்கு பயன்பட்டது.

பியர்சன் நிறுவிய ‘பயோமெட்ரிகா’ இதழே மகலனோபிஸைப் புள்ளியியலின்பால் ஈர்த்தது. அவரால் 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது.

தரவுகளைத் தயக்கமின்றிச் சோதித்த பியர்சன், மனித இனங்களிடையே உயர்வு தாழ்வு கற்பித்த இனமேம்பாட்டுக் கொள்கையை இறுதிவரை ஆதரித்தார். 1936 ஏப்ரல் 27-இல் மறைந்த அவரது பெயரை, அக்கல்லூரி 2020-இல் தன் கட்டடத்திலிருந்து நீக்கியது.