சோழமண்டலம் கண்ட ஓவியர்

கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, 1957இல் அதன் முதல்வரானார். தம் மாணாக்கர் வயிற்றுப்பாட்டின் பொருட்டுத் தூரிகையைத் துறக்க நேருமே என்னும் கவலை அவரை வாட்டிற்று. கைத்தொழிலை இழிவெனக் கருதும் கலைஞர் பலர். பணிக்கர் அங்ஙனம் கருதினாரல்லர். பாடிக் என்னும் சாயத் துணி வேலையில் அவர்களை ஈடுபடுத்தினார்.

உருக்கிய மெழுகால் துணியில் உருவெழுதிச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் நிறம் பற்றாது. மீண்டும் மெழுகிட்டு வேறு சாயத்தில் தோய்க்கப் பன்னிறக் கோலங்கள் தோன்றும். அத்துணிகள் நன்கு விலைபோயின. அவ்வருவாய் துணைநிற்க, 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையையடுத்துச் சோழமண்டல ஓவியர் சிற்றூர் எழுந்தது. பணிக்கர் 1977இல் மறைந்தார். அவ்வூரில் ஓவியர் இன்றும் வாழ்கின்றனர்.