யானைக்கால் மாத்திரைக்குப் பின்னால் ஒரு கதர் சட்டை மாணவர்

புதுச்சேரி - கடலூர் சாலையில், தவளக்குப்பம் பக்கம் உள்ள பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. யானைக்கால் நோய் வந்த ஒருவரையாவது பார்த்திருப்பாங்க. அதற்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று, கதரில் தைத்த உடையோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஹார்வர்டில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை 1929-ல் ஃபிஸ்க்குடன் சேர்ந்து கண்டறிந்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களையும் யானைக்கால் புழு பிடித்தது. 1947-ல் சுப்பாராவின் குழு டி.இ.சி.யைக் கொண்டுவந்தது.

இந்த மருந்தில் ஒரு விசித்திரம். சோதனைக் குழாயில் உள்ள குட்டிப் புழுக்கள் மேல் ஊற்றினால் பெரிசா ஒண்ணும் ஆகாது. உடம்புக்குள் போனால்தான் வேலை நடக்கும். ஏன்னா, கொல்லும் வேலையில் பெரும்பங்கு நம் வெள்ளணுக்களுடையது.

ரத்தத்தில் சுற்றும் மோனோசைட், அழற்சி உள்ள திசுவுக்குள் நுழைந்ததும் மேக்ரோபேஜ் செல்லாக மாறும். அங்கேயும் ஒரே குணம் கிடையாது. கிருமியைத் தாக்கும் முரட்டு வகையாகலாம். புண்ணை ஆற்றும் சாந்த வகையாகவும் ஆகலாம். யானைக்கால் புழு தந்திரமா அவற்றைச் சாந்த வகைப் பக்கம் தள்ளிவிடுகிறது. அதனால்தான் நிணநீர்க் குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருக்க முடிகிறது. கால் வீங்காதவர் ரத்தத்தில்கூட ராத்திரியில் குட்டிப் புழுக்கள் ஓடும். மாத்திரை போட்டதும் அந்தக் குட்டிகள் கல்லீரலில் சிக்க, அங்குள்ள மேக்ரோபேஜ்கள் விழுங்கிவிடுகின்றன.

ரத்தத்தில் புழு உள்ளவருக்கு மாத்திரை போட்ட பிறகு காய்ச்சல், தலைவலி வருவது பெரும்பாலும் இதனால்தான். சாகும் புழுக்கள் கிளப்பும் அழற்சி அது. மருந்து ஒத்துக்கலைன்னு பயந்து, மாத்திரையை அலமாரியில் வெச்சிட்டா புழுவுக்குத்தான் கொண்டாட்டம்.

மருந்து வந்த மறு வருடமே, 1948-ல், 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். மேக்ரோபேஜ் குணம் மாறும் கதையெல்லாம் தெரியவந்தது பல பத்தாண்டுகள் கழித்து. அவர் குழு புற்றுநோய்க்காக உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட், இன்று முடக்குவாதக்காரர்களுக்கு வாரம் ஒரு முறை, அழற்சியை அடக்கத் தரப்படுகிறது.