வித்தை காட்டிய சிறுவன் பள்ளிக்கூடம் கண்ட கதை

ஞாயிற்றுக்கிழமை. வட இத்தாலியில் ஒரு சிற்றூர். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன் மேல் ஒரு சிறுவன் நடக்கிறான். கீழே குதித்து, கைகளை ஊன்றித் தலைகீழாக நடக்கிறான். செப்படி வித்தை காட்டுகிறான். அக்கம் பக்கத்து ஜனங்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

இந்த வேடிக்கைக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அது காசு அல்ல! வந்தவர்கள் எல்லோரும் ஜெபமாலை சொல்ல வேண்டும். காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கத்தைச் சிறுவன் திருப்பிச் சொல்வான். அதையும் கேட்க வேண்டும்.

அந்தச் சிறுவன்தான் ஜான் போஸ்கோ. பின்னாளில் உலகம் அவரை டான் போஸ்கோ என்று அழைத்தது. டான் என்பது இத்தாலியில் பாதிரியார் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல்.

தகப்பன் இல்லாத பிள்ளை

ஜான் பிறந்தது 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. இரண்டு வயது நிறைவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். வயலில் பாடுபட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஜானுக்குப் படிப்பில் கொள்ளை ஆசை. மூத்த தாரத்து மகனான அண்ணன் அந்தோணிக்கோ அது பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கிற கைக்குப் புத்தகம் எதற்கு என்பது அவனுடைய எண்ணம். வீட்டில் ஓயாத சண்டை. 1828-ம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், ஜான் துணி மூட்டையோடு வீட்டை விட்டுப் புறப்பட்டான். வேறு ஒருவர் பண்ணையில் வேலைக்காரப் பையனாகச் சேர்ந்தான்.

மகிழ்ச்சிச் சங்கம்

1831-ல்தான் கியேரி என்ற ஊரில் பள்ளிக்கூடம் சேர முடிந்தது. கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். இவனோ நெடிய வாலிபன். ஜான் வெட்கப்படவில்லை. காப்பிக் கடையில் வேலை செய்தான். தையல் கற்றான். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். அப்படித்தான் வயிற்றைக் கழுவினான்.

அங்கே மாணவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினான். அதன் பெயர் மகிழ்ச்சிச் சங்கம். விதிகள் கொஞ்சம்தான். கெட்ட பேச்சும் கெட்ட செயலும் கூடாது. பாடத்தையும் ஜெபத்தையும் தவறவிடக் கூடாது. எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

ஒரு சமயம் அந்த ஊருக்கு வித்தைக்காரன் ஒருவன் வந்தான். மாணவர்கள் கோவிலை மறந்து அவன் பின்னால் ஓடினார்கள். ஜான் அவனைப் பந்தயத்துக்கு அழைத்தான். ஓடுவது, வாய்க்கால் தாண்டுவது, கோலை விரல் நுனியில் நிறுத்துவது, மரம் ஏறுவது என்று நான்கு போட்டிகள். நான்கிலும் மாணவனே ஜெயித்தான்! பந்தயப் பணம் மொத்தம் 240 லீரா. வித்தைக்காரன் ஓட்டாண்டி ஆனான். அவனைப் பார்த்து மாணவர்கள் இரக்கப்பட்டார்கள். தங்களுக்கு ஒரு வேளை விருந்து வைத்தால் போதும் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விசில் அடிக்கத் தெரியுமா?

1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி டூரின் நகரில் ஜான் பாதிரியார் ஆனார். பிழைப்புத் தேடி வந்த கிராமத்துச் சிறுவர்கள் அந்த நகரத் தெருக்களில் அலைந்தார்கள். சிலர் சிறையில் கிடந்தார்கள். விடுதலையாகி வெளியே வந்தாலும் ஆதரிக்க ஆள் இல்லை. மறுபடியும் சிறைக்கே போனார்கள். அதைக் கண்டு அவர் மனம் துடித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி. பூசைக்கு உதவி செய்யத் தெரியாத ஒரு சிறுவனைக் கோவில் பணியாள் அடித்து விரட்டினான். டான் போஸ்கோ அவனைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்தார். அவன் பெயர் பார்த்தலமேயு கரெல்லி. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே பதில். கடைசியில், விசில் அடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். பையன் சிரித்துவிட்டான்.

அடுத்த வாரம் அவன் கூட்டாளிகளை அழைத்து வந்தான். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. இத்தனை பையன்கள் போடும் கூச்சலைப் பொறுக்காமல் இடம் கொடுத்தவர்கள் எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். 1846-ல் வால்டோக்கோ என்ற பகுதியில் ஒரு கொட்டகை கிடைத்தது. அந்த ஆண்டே தாயார் மார்கரீத்தாவும் வந்து சேர்ந்தார். தம் கல்யாண நகையையும் துணிமணியையும் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

மேடையில் கணக்குப் பாடம்

1850-ம் ஆண்டு முதல் அந்த நாட்டில் மீட்டர், கிலோ கணக்கு சட்டமாக இருந்தது. பழைய அளவையே அறிந்த ஏழைகள் ஏமாந்துபோவார்களே! டான் போஸ்கோ அந்தக் கணக்கை உரையாடலாக எழுதினார். பிள்ளைகள் மேடை ஏறி நடித்துக் காட்டினார்கள். ஜனங்கள் நாடகம் பார்த்துக்கொண்டே கணக்கும் கற்றார்கள்.

1853-ல் செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் தொழிற்கூடம் வந்தது. 1855-ல் பாண்டு வாத்தியக் குழு வந்தது. நாடகத்துக்கு அவர் விதிகளும் எழுதி வைத்தார். நாடகம் சிரிக்க வைக்க வேண்டும். நல்லதைக் கற்பிக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே இசை பயின்ற காலியேரோ என்ற மாணவர் 1875-ல் அர்ஜென்டினாவுக்குச் சென்ற முதல் குழுவுக்குத் தலைவரானார். 1915-ல் கர்தினால் ஆனார்.

பிரம்பால் பிள்ளைகளைத் திருத்துவதை டான் போஸ்கோ விரும்பவில்லை. ஆசிரியர் விளையாட்டு மைதானத்திலும் மாணவர் நடுவே இருக்க வேண்டும் என்றார். அன்பு காட்டினால் மட்டும் போதாது; அது அன்பு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

காலரா வந்தது

இந்த முறையில் வளர்ந்த பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள்? 1854-ல் அதற்குச் சோதனை வந்தது. டூரினில் காலரா பரவியது. நோயாளிகளைத் தொடவே பெரியவர்கள் அஞ்சினார்கள். டான் போஸ்கோ மாணவர்களிடம் உதவி கேட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் முன்வந்தார்கள். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தூக்கினார்கள், துடைத்தார்கள். போர்த்தத் துணி இல்லாதபோது, மார்கரீத்தா வீட்டிலிருந்த துணியை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட நோய் தொடவில்லை.

தம் பணி தொடர 1859-ல் சலேசியர் சபையை டான் போஸ்கோ நிறுவினார். 1888-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி காலமானார். 1934-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய சபையார் 1906-ல் நம் தஞ்சாவூருக்கும் வந்து தொண்டு தொடங்கினார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் வேஷம் கட்ட உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால், படிப்பு கெட்டுவிடும் என்று தடுக்காதீர்கள். முன் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நாலு பேர் முன்னால் பயமில்லாமல் நிற்கவும், நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யவும் அங்கேதான் அவன் கற்றுக்கொள்கிறான்.