டாக்டர் சாமுவேல் கிறீன்

மக்கள் யாக்கையின் உள்ளமைப்பை ஓதியுணர்வதற்குப் படம் இன்றியமையாதது. ஆயினும், படத்திற் கண்ட உறுப்பின் பெயர் மாணாக்கன் உள்ளத்திற் பதியாவிடின், அப்படம் வெறுங்கோடுகளேயாம். இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியால் விளக்கிய பெரியார் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

இவர் 1822 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10 ஆம் நாள் அமெரிக்க நாட்டு ஊஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847 இல் யாழ்ப்பாணம் அடைந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் அமர்ந்து, நோயாளர்க்கு மருந்தளித்ததோடு இளைஞர் சிலர்க்கு மேனாட்டு வைத்தியமும் பயிற்றத் தொடங்கினார்.

தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. தேறியவருட் பலர் அரசாங்க ஊதியம் நாடி அயலூர் ஏகினர். சிற்றூர் மக்களோ பண்டுபோல் வைத்தியமின்றி வருந்தினர். கல்வி பெருகியும் ஊர் பயனடையாமை கண்டு கிறீன் வைத்தியர் உளம் வருந்தினார். தாம் முயன்று கற்ற தமிழிலேயே 1864 முதல் கற்பிக்கத் துணிந்தார்.

துணிதல் எளிது, நூலின்றிக் கற்பித்தல் எங்ஙனம்? ஆகவே, மாணாக்கர் துணையுடன் மருத்துவ நூல்களை மொழிபெயர்க்கலாயினார். கலைச்சொல் வேண்டுமிடத்துத் தமிழிலே முதற்கண் தேடினார். ஆண்டுக் கிட்டாவிடின் வடமொழியை நாடினார். அதனினும் அமையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்தமைத்தார். இங்ஙனம் 1867 இல் இரணவைத்தியமும், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன.

பின்னது, 1858 இல் ஹென்றி கிரே இயற்றிய புகழ்மிக்க உடற்கூற்று நூலின் தமிழாக்கம். அம்மூல நூலுக்குப் படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். உறுப்பை ஓரிடத்தும் பெயரைப் பிறிதோரிடத்தும் தேடி மாணாக்கன் இடர்ப்படாவண்ணம், உறுப்புகளின் மேலேயே அவற்றின் பெயரைப் பொறித்தமை அப்படங்களின் சிறப்பு. ஆங்கிலம் அறியானுக்கு அச்சிறப்பாற் பயனென்னை? அவ்வுறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் அமைத்தே கிறீன் வைத்தியர் அப்பயனைத் தமிழ் மாணாக்கர்க்கும் எட்டச் செய்தார்.

உடல் நலிந்து 1873 இல் தாயகம் மீண்ட பின்னரும் அவர்தம் எழுதுகோல் ஓயவில்லை. கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிப்போந்தன. 60 பேருக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கிய அப்பெருந்தகை, 1884 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் ஊஸ்டரில் இறைவனடி சேர்ந்தார். தமிழர்க்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்று கல்லறையிற் பொறித்தலொன்றே அவர் விரும்பிய புகழாம்.

நிற்க. அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்தே, 1895 இல், எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. இன்றோ கணினித் திரையில் உடலைத் திருப்பியும் அடுக்கடுக்காய்ப் பிரித்தும் காண்கின்றோம். கிருஷ்ணகிரியிலும் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஒசூர் எல்லைப்புறத்தே, இயந்திரத்திற் கை நசுங்கிய தொழிலாளி ஒருவன் தன் எலும்பின் நிழலைத் திரையிற் காண்கின்றான் எனக் கொள்வோம். அஃது யாதென அவன் மொழியில் உரைக்க இயலாத மருத்துவன் கற்ற கல்வி நிறைவுடையதாகுமோ?

நண்பர்காள்! புதுக்கருவிகள் உறுப்பைக் காட்டும். அதற்குப் பெயர் சூட்டிப் பொருள் விளக்குதல் நம் கடன். அக்கடனைப் பிறநாட்டார் ஒருவர் நம்பொருட்டு ஆற்றினார். நாமும் ஆற்ற முந்துவோமாக.