ராயக்கோட்டையை 1857-லேயே படம்பிடிக்கப் புறப்பட்டவர்: யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்?

ராயக்கோட்டை மூன்று மாவட்டங்களைப் பார்த்த ஊர். 1965 வரை சேலம் மாவட்டம், அதன்பின் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. 1792-ல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாராமகால் பகுதியின் முக்கியமான மலைக்கோட்டை இங்கேதான் இருக்கிறது. பெங்களூரு ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே இந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஊரின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு புகைப்படத் தொகுப்பு 1858-ல் வெளியானது. ராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் அதில் இருந்தன. எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். இன்று உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். ஆனால், அவர் தீவிரமாகப் படம் எடுத்ததே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்தான். அதற்குள் அரசே அவருடைய வேலையை இழுத்து மூடிவிட்டது. ஏன்?

சிப்பாய் கையில் கேமரா வந்தது எப்படி?

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக ஊரில் பிறந்தவர் ட்ரைப். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் சேர்ந்து, சென்னை மாகாணப் படைப்பிரிவுக்கு வந்தார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் கேமரா பழக்கமானது. அப்போது புகைப்படக் கலைக்கே வயது பத்து, பன்னிரண்டுதான். 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டே அதில் உறுப்பினரானார்.

1854-ல் பெங்களூரு திரும்பியவர், அந்த ஆண்டு இறுதியிலேயே ஹளேபீடு, பேலூர் ஹொய்சளக் கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மா மன்னர் மின்டோனைச் சந்திக்கப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவில் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் அவர்தான். 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அதில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து 50 செட் போட்டார். அதாவது 6,000 பிரிண்ட். அத்தனையும் வெயிலில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தது.

மாட்டு வண்டியில் ஒரு ஸ்டூடியோ

அந்தக் காலத்தில் கோயில், கோட்டைகளைப் பதிவு செய்ய ஓவியர்களைத்தான் அனுப்புவார்கள். அதற்கு நாளும் ஆகும், செலவும் ஆகும். வரைபவரின் கற்பனையும் கொஞ்சம் கலந்துவிடும். அதனால் கேமராவைப் பயன்படுத்தலாமே என்ற யோசனை கம்பெனிக்கு வந்தது. 1856-ல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக ட்ரைப் நியமிக்கப்பட்டார். சிதைந்து போவதற்கு முன் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய வேண்டும், இதுதான் வேலை.

1857 டிசம்பரில் பெங்களூருவிலிருந்து மாட்டு வண்டிகளில் கிளம்பினார். வடஇந்தியாவில் கம்பெனிக்கு எதிரான கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. சேலம் மாவட்டம், திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றிவிட்டு 1858 ஏப்ரல் முடிவில் சென்னை வந்து சேர்ந்தார். மொத்தம் நாலரை மாதம்.

வண்டிகளில் என்ன இருந்தது? அன்று படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. படம் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிது. ட்ரைப்பின் படங்கள் ஏறக்குறைய ஒன்றே கால் அடி அகலம் என்றால், கேமரா என்ன சைஸ் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வந்திருந்த கண்ணாடி நெகட்டிவில் படம் துல்லியமாக விழும். ஆனால், மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஊர் ஊராகப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் பயணத்தில் எடுத்த பெரிய படங்களுக்கு மெழுகு பூசிய காகித நெகட்டிவைத்தான் ட்ரைப் நம்பினார். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு பொறுமையாகக் கழுவலாம். ஆனால் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அவர் படங்களில் மனிதர்கள் அதிகம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். நடமாடுகிறவர்கள் பதியவே மாட்டார்கள், அல்லது புகை போலக் கலைந்து தெரிவார்கள்.

அப்பவே எடிட்டிங் உண்டு

ட்ரைப் படங்களில் அழகான மேகங்கள் தெரியும். அவற்றில் பல, அவர் கையால் தீட்டியவை. அக்கால ரசாயனம் நீல நிறத்துக்கு மிக வேகமாக வினைபுரியும் என்பதால், வானம் வெறும் வெள்ளையாகத்தான் பதியும். அந்த வெறுமையைப் போக்க நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் கொண்டுவந்தார். மரங்களின் இலைப்பகுதியையும் இப்படித் திருத்தியிருக்கிறார். பில்டர் போடுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

ஆனால் கட்டடங்கள் விஷயத்தில் ஆள் படு கறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தனித்தனிப் படங்களாக எடுத்தார். 21 பிரிண்ட்டுகளை வரிசையாக ஒட்டியபோது, கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது. தஞ்சைக் கல்வெட்டுகளைத் தொல்லியல் அறிஞர் ஹூல்ட்ஷ் படித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கியது 1890-களில்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவை படமாகிவிட்டன.

மதுரை திருமலை நாயக்கர் மகாலும் அப்படித்தான். கவர்னர் நேப்பியர் காலத்தில் அதைப் பழுதுபார்க்கும் முன், சிதிலமடைந்து கிடந்த நிலை ட்ரைப் படங்களில் இருக்கிறது. எது பழைய வேலை, எது பிறகு சேர்ந்தது என்று ஒப்பிட இவைதான் துணை. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதி பௌத்தச் சிற்பங்களையும் 1858-ல் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே அவை கப்பலேறி லண்டன் போய்விட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரே உத்தரவில் முடிந்த வேலை

1859-ல் சென்னை கவர்னராக வந்தார் சார்லஸ் ட்ரெவெல்யன். கிளர்ச்சியை அடக்கிய செலவில் அரசின் கஜானா காலி. எங்கெல்லாம் செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தவர் கண்ணில் புகைப்படப் பிரிவு பட்டது. இன்றைய நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று முடிவு செய்து, வேலையை நிறுத்தச் சொன்னார். 1860-ல் எல்லாம் முடிந்தது. மாகாணத்தில் இன்னும் எத்தனையோ கோட்டைகளும் கோயில்களும் பாக்கி இருந்தன.

ட்ரைப் ராணுவ வேலைக்கே திரும்பினார். அதன்பின் கேமராவைத் தொட்டது மிக அரிது. 1870-களில் ஓய்வுபெற்று, கௌரவ மேஜர் ஜெனரல் பட்டத்தோடு பிறந்த ஊருக்கே போனார். 1902 மார்ச்சில், 79 வயதில் இறந்தார். வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய மூன்று நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்த 2014-15 ஆனது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ட்ரைப் கம்பெனியின் ஆள். எதைப் பதிவு செய்வது என்று முடிவு செய்தது ஆண்டவர்கள். இங்கே வாழ்ந்தவர்கள் இல்லை. அதனால் கோட்டைச் சுவருக்குக் கிடைத்த இடம் அதன் அடிவாரத்து மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுவர் அன்று எப்படி இருந்தது என்பதற்கு இன்று சாட்சி, ஆடம்பரம் என்று நிறுத்தப்பட்ட அந்த வேலைதான்.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ட்ரைப் படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். ராயக்கோட்டையோ, தஞ்சையோ, மதுரையோ, அடுத்த முறை போகும்போது அவற்றை ஒருமுறை போனில் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே எது நிற்கிறது, எது போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும்.