வெப்பத்தை அளந்த வத்திராயிருப்புக்காரர்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் புதுக்கோட்டையில் மாலை நேரத்துப் பேச்சு ஒன்றுதான்: இன்று எத்தனை டிகிரி? வெயில் சதமடித்துவிட்டதாக நாளிதழ்கள் எழுதுகின்றன. கைப்பேசியோ 40 என்று காட்டுகிறது. இரண்டும் ஒன்றே. பாரன்ஹீட்டில் 104 என்பது செல்சியஸில் 40. சதம் என்ற சொல்லின் கவர்ச்சியால்தான் பழைய அளவு நம்மிடம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பது என் எண்ணம். கிரிக்கெட் நாட்டில் 37.8 என்ற எண்ணுக்கு யார் கைதட்டுவார்கள்?

இந்தக் குழப்பத்தைக் காணும் ஒவ்வொரு கோடையிலும் எனக்கு கே.எஸ். கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். ராமன் விளைவைக் கண்டறிந்த நாள்களில் சர் சி.வி. ராமனின் அருகிலிருந்த இளைஞர் என்ற அளவில்தான் பலரும் அவரை அறிவார்கள். அவருடைய பிற்கால ஆராய்ச்சியின் நடுப்பொருள் வெப்பம் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை உழவர், தமிழிலும் வடமொழியிலும் புலமையுள்ளவர். சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப்படிப்பு. பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இயற்பியல் படித்த அவருக்குக் கிடைத்த முதல் வேலை, அதே கிறிஸ்தவக் கல்லூரியின் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநர் பணி. மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, அவர்கள் கேட்கும் அறிவியல் ஐயங்களுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருந்தாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடைவேளையைத் தாமாக விட்டுக்கொடுக்கும் ஆசிரியர் அரிது.

1920-இல் அவர் கல்கத்தா சென்றார். அங்கே ராமனிடம் சேர்ந்து, ஏறத்தாழ அறுபது திரவங்களைத் தூய்மைப்படுத்தி, ஒளி அவற்றினூடே சிதறுவதை ஆராய்ந்தார். 1928-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த புகழ்பெற்ற குறிப்பில் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரும் இருந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அதில் கிருஷ்ணனுக்குப் பங்கிருந்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. எனக்கு அதில் நாட்டமில்லை. அந்த விவாதத்தின் நிழலில் அவருடைய மீதி முப்பது ஆண்டுகள் மறைந்துபோகின்றன என்பதே என் வருத்தம்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. பொருளியல் படித்த எனக்கு இதை என் துறையின் மொழியில் சொல்வதே எளிது. நாட்டின் மொத்த வருமானம் வேறு, தலைவீத வருமானம் வேறு அல்லவா? ஒரு பொருளின் அணுக்களிடமுள்ள அசைவின் சராசரி அளவைக் காட்டுவது வெப்பநிலை. ஊதுபத்தியின் நுனி தண்ணீர்ப் பானையைவிடப் பன்மடங்கு சூடானது. ஆயினும் அந்தப் பானையை வெதுவெதுப்பாக்கக்கூட அதனால் இயலாது. மேலும், வெப்பம் எப்போதும் மிகுந்த வெப்பநிலையிலிருந்து குறைந்த வெப்பநிலைக்கே தானாகப் பாயும். செல்வம் அப்படிப் பாய்வதில்லை என்பதால் இந்த உவமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது.

பொருளின் நிலை மாறும்போது இன்னொரு விந்தை நிகழ்கிறது. பனிக்கட்டி உருகி முடியும்வரை எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் வெப்பநிலை ஏறுவதில்லை. கொடுத்ததெல்லாம் அணுக்களின் கட்டுக்கோப்பைக் கலைக்கவே செலவாகிவிடுகிறது. நம் தெருக்களில் கோடைதோறும் விற்கும் மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே கணக்கில்தான். சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது, கிராம் ஒன்றுக்கு 580 கலோரி அளவில், வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான கிருஷ்ணன், உலோகம் உருகும்போது நடப்பதை எண்ணிப் பார்த்தார். செம்பு போன்ற பல உலோகங்கள் திண்மத்திலிருந்து திரவமாகும் கணத்தில் மின்தடை ஏறத்தாழ இருமடங்காகிறது. வெப்பநிலை மாறவில்லை, பொருளும் மாறவில்லை; தடை மட்டும் ஏன் தாவுகிறது? வரிசையாக நின்ற அணுக்கள் வரிசை கலைந்து நிற்பதால் எலெக்ட்ரான்கள் சிதறுகின்றன என்ற அடிப்படையில், மாணவர் பாட்டியாவுடன் சேர்ந்து 1945-இல் அவர் அதற்குக் கணக்கு வகுத்தார். திரவத்தில் ஒளி சிதறுவதைக் கண்ட கண்தான் திரவ உலோகத்தில் எலெக்ட்ரான் சிதறுவதையும் கண்டது.

நாடு விடுதலை பெற்ற 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். மறு ஆண்டு அமைந்த அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோருடன் உறுப்பினர். இத்தகைய பதவிகள் பலருக்கு ஆராய்ச்சியின் முடிவாக அமையும். கிருஷ்ணனுக்கு அப்படி ஆகவில்லை. உள்ளே வெற்றிடமான கிராஃபைட் கூடு ஒன்றைக் கடுமையாகச் சூடேற்றி, சிறு துளை வழியே வெளியேறும் எலெக்ட்ரான்களை அளந்தார். மூடிய பாத்திரத்தில் நீராவி நிறைவதைப் போலச் சூடான கூட்டில் எலெக்ட்ரான் ஆவி நிறைகிறது என்ற கருத்தை அச்சோதனைக்கு அடிப்படையாக்கினார். மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பியின் நடுப்பகுதி தகிக்க, பிடிக்குள் இருக்கும் முனைகள் தணிந்திருப்பது ஏன், எந்த அளவில் என்பதையும் எஸ்.சி. ஜெயினுடன் விரிவாகக் கணக்கிட்டார்.

அந்த ஆய்வகத்தின் மற்றொரு பணிதான் என் போன்றோருக்கு நெருக்கமானது. நாட்டின் நீளம், எடை, வெப்பநிலை ஆகியவற்றின் மூல அளவுகளுக்கு அதுவே காவல். மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் மாறிய காலம் அது. 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு தனியாகப் புழங்கியது. அளவு நிலையாக இல்லாத சந்தையில் ஏமாறுபவர் எப்போதும் சிறு விவசாயிதான். 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது.

1946-இல் சர் பட்டம், 1954-இல் பத்ம பூஷண், 1958-இல் முதல் பட்நாகர் பரிசு எனப் பெருமைகள் வந்தன. இவற்றுக்கிடையே தமிழில் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். 1961 ஜூன் 14 அன்று, ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோதே, கிருஷ்ணன் மறைந்தார். மெட்ரிக் எடை நாடெங்கும் கட்டாயமானது அதற்கு அடுத்த ஆண்டுதான். பாரன்ஹீட் மட்டும் நம் நாளிதழ்களில் தங்கிவிட்டது.